அப்டேட் செய்யும் முன் ஒரு கேள்வி: திரும்பி வர வழி இருக்கிறதா?

"சார், நீங்கதான் நெட்வொர்க் ஆளாச்சே! புது லேப்டாப் வாங்கியிருக்கோம். நெட் ரொம்ப மெதுவா வருது. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்களேன்" என்று எதிர்வீட்டு நண்பர் கூப்பிட்டார். மொபைல் நிறுவனம் ஒன்றின் நெட்வொர்க் கண்ட்ரோல் ரூமில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இது என்ன பெரிய வேலை என்ற நினைப்பில் போனேன். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். புதிய பதிப்பு வந்திருக்கிறது, அப்டேட் செய்யலாமா என்று கேட்டது. யோசிக்காமல் கிளிக் செய்தேன்.

ஐந்து நிமிடத்தில் ரவுட்டர் மறுபடி இயங்கத் தொடங்கியது. ஆனால் இன்டர்நெட் வரவில்லை. அப்டேட் ஆனபோது பழைய செட்டிங்ஸ் எல்லாம் அழிந்து போயிருந்தன. இணைப்பு வாங்கியபோது நிறுவனம் தந்த யூசர் நேம், பாஸ்வேர்ட் இரண்டையும் மறுபடி கொடுக்க வேண்டும். "அது மெயில்ல இருக்கு சார்" என்றார் நண்பர். மெயிலைப் பார்க்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட் வருவதற்கு அந்த மெயில் வேண்டும்!

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அவருடைய மகள் வந்தாள். பொறியியல் கலந்தாய்வில் கல்லூரி விருப்பப் பட்டியலைப் பதிவு செய்ய அன்று மாலை 5 மணிதான் கடைசி. அப்போது மணி நாலேகால்.

அவள் பட்டியல் என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நான் செய்த இதே தவறை, ஏறக்குறைய இதே வகையில், கனடா நாட்டின் மிகப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களில் ஒன்று 2022ல் செய்தது. ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் ஒரு நாளுக்கு மேல் தவித்தார்கள். மொபைல் நெட்வொர்க்குகளை நிர்வகிக்கும் சாப்ட்வேர் எது, அதை எப்படி அப்டேட் செய்கிறார்கள், அதிலிருந்து வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நாம் எதைக் கற்றுக் கொள்ளலாம் என்று பார்ப்போம்.

நெட்வொர்க் மேனேஜ்மெண்ட் என்றால் என்ன?

உங்கள் மொபைலில் பேசும்போது நீங்கள் காண்பது போன் மட்டுமே. போன் பேசுவது அருகிலுள்ள டவரோடு. ஆயிரக்கணக்கான டவர்கள் கேபிள் மூலமும் மைக்ரோவேவ் மூலமும் சில மையங்களோடு இணைக்கப்பட்டிருக்கும். அந்த மையங்களில் உள்ள கருவிகளை மொத்தமாக 'கோர் நெட்வொர்க்' என்பார்கள். நீங்கள் யார், உங்களுக்கு என்ன பிளான், அழைப்பை எங்கே அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது இந்தக் கோர்தான்.

இத்தனை கருவிகளையும் ஆள் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. ஓர் இடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனிக்கவும் மாற்றவும் உதவுவதுதான் நெட்வொர்க் மேனேஜ்மெண்ட் சாப்ட்வேர். உங்கள் கம்ப்யூட்டரில் டாஸ்க் மேனேஜரும் கண்ட்ரோல் பேனலும் செய்யும் வேலையை, ஒரு மாநிலம் முழுவதும் பரவிய கருவிகளுக்கு இது செய்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இதன் வேலைகளை ஐந்தாகப் பிரிப்பார்கள். ஒன்று, எங்கே பழுது என்று கண்டுபிடிப்பது. இரண்டு, கருவிகளின் செட்டிங்ஸை மாற்றுவது. மூன்று, யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று கணக்கு வைப்பது. நான்கு, வேகமும் தரமும் சரியாக இருக்கின்றனவா என்று அளப்பது. ஐந்து, அனுமதி இல்லாதவர் உள்ளே நுழையாமல் காப்பது.

கண்ட்ரோல் ரூமில் நாங்கள் அதிகம் பார்த்தது முதல் வேலையைத்தான். ஒரு டவரில் கரண்ட் போய் பேட்டரியில் ஓடினால் அங்கிருந்து ஒரு சிறிய தகவல் எங்கள் திரைக்கு வரும். இதை 'அலாரம்' என்போம். அதன் தீவிரத்தைப் பொறுத்து நிறம் மாறும். எங்கள் திரையில் சிவப்பு என்றால் உடனே கவனிக்க வேண்டும். மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை என்றால் சரியாகிவிட்டது.

அப்டேட் செய்யாமலே இருந்தால் என்ன?

'ஓடுகிற வண்டியை எதற்குத் தொட வேண்டும்?' என்று பலர் கேட்பதுண்டு. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் அப்டேட் செய்தி வந்தவுடன் 'பிறகு' என்பதைத்தான் அழுத்துகிறார்கள். பெரிய நெட்வொர்க்கில் அப்படி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நாள் சாட்சி. அது 2018 டிசம்பர் 6.

அன்று பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தின் மொபைல் இன்டர்நெட் நின்றது. ஓ2 நெட்வொர்க்கைப் பயன்படுத்தும் மற்ற சேவைகளையும் சேர்த்தால் சுமார் 3 கோடியே 20 லட்சம் பேர். லண்டன் பஸ் நிறுத்தங்களில் அடுத்த பஸ் எப்போது வரும் என்று காட்டும் பலகைகள்கூட வேலை செய்யவில்லை. அதே நாளில் ஜப்பானில் சாப்ட்பேங்க் நிறுவனத்தின் சேவை நான்கு மணி நேரத்துக்கும் மேல் பாதிக்கப்பட்டது. இரண்டு நிறுவனங்களின் கோர் நெட்வொர்க்கிலும் இருந்தது எரிக்ஸன் நிறுவனத்தின் சாப்ட்வேர். அதற்குள் இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழின் காலம் முடிந்துவிட்டது. அதுதான் முக்கியக் காரணம் என்று எரிக்ஸனே அறிவித்தது.

டிஜிட்டல் சான்றிதழை டிரைவிங் லைசென்ஸ் போல நினைத்துக் கொள்ளுங்கள். அதில் ஒரு கடைசித் தேதி இருக்கும். தேதி தாண்டினால் நேற்று வரை வண்டி ஓட்டியவர் இன்று ஓட்ட முடியாது. உங்கள் கம்ப்யூட்டரிலும் இதைப் பார்க்கலாம். மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்து தேதி பழையதாக மாறிவிட்டால், பிரவுசர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் சரியில்லை என்று எச்சரிக்கும். தேதியைச் சரி செய்தால் போதும், எல்லாம் திறக்கும்.

ஆகவே அப்டேட்டைத் தள்ளிப் போட்டுக் கொண்டே இருப்பதும் பாதுகாப்பு ஆகாது. எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஓர் அப்டேட் இரவு

எங்கள் அலுவலகத்தில் அப்டேட் என்றால் நள்ளிரவு ஒரு மணிக்கு மேல்தான். அந்த நேரத்தில்தான் அழைப்புகள் குறைவு. முதலில் சோதனைக் கூடத்தில் ஒத்திகை பார்ப்போம். பிறகு நெட்வொர்க்கில் ஒரு சிறு பகுதியில் மட்டும் செய்து சில நாட்கள் கவனிப்போம். அதன் பிறகுதான் மற்ற இடங்களுக்குப் போவோம்.

ஒவ்வொரு படியையும் காகிதத்தில் எழுதி வைத்திருப்போம். ஒவ்வொரு படிக்கு எதிரிலும் அதை எப்படிப் பழைய நிலைக்குக் கொண்டு வருவது என்பதும் எழுதியிருக்கும். ஒருவர் டைப் செய்வார். இன்னொருவர் அருகில் நின்று வாசித்துச் சரிபார்ப்பார். 'மணி நாலுக்குள் சரியாகவில்லை என்றால் விவாதம் வேண்டாம், பழைய பதிப்புக்குத் திரும்பு' என்று எங்கள் மேனேஜர் தடித்த எழுத்தில் எழுதியிருப்பார். பொழுது விடிந்தால் பால்காரரிலிருந்து ஆம்புலன்ஸ் வரை எல்லோரும் போனை எடுத்து விடுவார்களே!

இத்தனை கட்டுப்பாட்டிலும் ஒரு முறை ஏமாந்தோம். அன்று மாற்றியது டவர் கருவிகளின் சாப்ட்வேரை அல்ல. அவற்றைக் கண்காணிக்கும் எங்கள் மேனேஜ்மெண்ட் சாப்ட்வேரையே புதுப்பித்தோம். இரண்டரை மணிக்கு வேலை முடிந்தது. திரை முழுவதும் பச்சை. ஒரு சிவப்புகூட இல்லை. கைகுலுக்கிக் கொண்டு டீ குடிக்கப் போனோம்.

டீ கிளாஸைக் கையில் வைத்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆயிரக்கணக்கான டவர்களில் ஏதாவது ஒன்றில் கரண்ட் போவது, ஏசி நிற்பது, கதவு திறப்பது என்று எப்போதும் சில அலாரங்கள் இருந்து கொண்டேதான் இருக்கும். ஒன்றுகூட இல்லாமல் நான் ஓர் இரவையும் பார்த்ததில்லை. திரும்பி ஓடினோம். புதிய பதிப்பில் அலாரங்களை வாங்கும் பகுதி இயங்கத் தொடங்கவே இல்லை. டவர்கள் கத்திக் கொண்டுதான் இருந்தன. எங்கள் காதுதான் அடைத்திருந்தது. அந்த நாற்பது நிமிடத்தில் ஒரு டவர் முழுவதும் நின்று போயிருந்தது. எங்களுக்குத் தெரியவில்லை. அந்த ஊர் அரசு மருத்துவமனையின் இரவுப் பணியாளர் லேண்ட்லைனில் அழைத்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பழைய பதிப்புக்குத் திரும்பினோம். திரை சிவப்பும் மஞ்சளுமாக நிறைந்தது. அலாரங்களைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்!

கனடாவில் நடந்தது என்ன?

இப்போது கனடாவுக்கு வருவோம். ரோஜர்ஸ் நிறுவனம் தன் கோர் நெட்வொர்க்கை ஏழு கட்டங்களாகப் புதுப்பித்துக் கொண்டிருந்தது. ஐந்து கட்டங்கள் சிக்கலின்றி முடிந்தன. 2022 ஜூலை 8 அதிகாலையில் ஆறாவது கட்டம். ரவுட்டர்களில் இருந்த ஒரு வடிகட்டியை செட்டிங்ஸிலிருந்து நீக்கினார்கள். எந்தத் தகவலுக்கு எந்த வழி என்று சொல்லும் குறிப்புகள் தேவைக்கு மேல் உள்ளே போகாமல் தடுத்து வந்தது அந்த வடிகட்டிதான். அது போனதும் குறிப்புகள் வெள்ளமாகக் கோர் ரவுட்டர்களுக்குள் பாய்ந்தன. தாங்க முடியாமல் அவை சில நிமிடங்களில் செயலிழந்தன.

மொபைல், வீட்டு இன்டர்நெட் இரண்டுக்கும் ஒரே கோர் என்பதால் இரண்டும் சேர்ந்து விழுந்தன. நாடு முழுவதும் கடைகளில் இன்டராக் டெபிட் கார்டு முறை வேலை செய்யவில்லை. எல்லாவற்றையும் விட மோசமானது, 911 என்ற அவசர எண்ணைப் பலரால் அழைக்க முடியவில்லை. வழக்கமாக நம் நிறுவனத்தின் சிக்னல் இல்லை என்றால், அவசர அழைப்புக்கு மட்டும் போன் வேறு நிறுவனத்தின் டவரைத் தேடிப் போகும். அன்று ரோஜர்ஸ் டவர்கள் சிக்னலை அனுப்பிக் கொண்டே இருந்தன. அதனால் போன்கள் 'நம் டவர் இருக்கிறதே' என்று நம்பி அங்கேயே நின்றுவிட்டன. சிம் கார்டைக் கழற்றிவிட்டு 911ஐ அழைத்துப் பாருங்கள் என்று மக்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

சரி செய்ய ஏன் அவ்வளவு நேரம்? இதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். கருவிகளை நிர்வகிக்கும் மேனேஜ்மெண்ட் நெட்வொர்க்கும் அதே கோர் வழியாகத்தான் போய்க் கொண்டிருந்தது. கோர் விழுந்ததும் அதைச் சரி செய்யும் வழியும் மூடிக் கொண்டது. இன்ஜினியர்களால் தொலைவிலிருந்து கருவிகளுக்குள் நுழைய முடியவில்லை. பிழைப் பதிவுகளைப் பார்க்க முடியவில்லை. ஒருவரோடு ஒருவர் பேசக்கூட வழியில்லை, ஏனென்றால் அவர்கள் கையில் இருந்ததும் ரோஜர்ஸ் போன்தான்! மற்ற நிறுவனங்களின் சிம் கார்டுகளை வெளியூர் மையங்களுக்கு அனுப்பிய பிறகுதான் பேச்சே நடந்தது. என்ன காரணம் என்று கண்டுபிடிக்கவே சுமார் 14 மணி நேரம் ஆனது. சேவை திரும்ப 26 மணி நேரம்.

கனடாவின் தொலைத்தொடர்பு ஆணையம் ஏற்பாடு செய்த ஆய்வின் சுருக்கம் 2024ல் வெளியானது. அதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தப் பணியை முதலில் 'அதிக ஆபத்து' என்றுதான் மதிப்பிட்டிருந்தார்கள். முந்தைய கட்டங்கள் நன்றாக முடிந்ததால், ஆறாவது கட்டத்துக்கு மதிப்பீட்டு முறை தானாகவே 'குறைந்த ஆபத்து' என்று குறைத்துவிட்டது. ஐந்து முறை விழாததால் ஆறாவது முறையும் விழமாட்டோம் என்ற நம்பிக்கை! எதிர்வீட்டில் யோசிக்காமல் கிளிக் செய்தபோது எனக்கு இருந்ததும் இதே நம்பிக்கைதான்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு ரோஜர்ஸ் தன் மேனேஜ்மெண்ட் நெட்வொர்க்கைக் கோரிலிருந்து தனியாகப் பிரித்தது. வீடு பூட்டிக் கொண்டால் திறப்பதற்கான மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்தால் என்ன பயன்?

திரும்பினால் மட்டும் போதுமா?

அமெரிக்காவில் 2024 பிப்ரவரி 22 அன்று ஏடி அண்ட் டி மொபைல் நெட்வொர்க்கில், அதிகாலை 2.42 மணிக்கு ஒரு மாற்றத்தைச் செய்தார்கள். கருவியின் செட்டிங்ஸில் ஒரு தவறு. செய்த மாற்றத்தை இன்னொருவர் சரிபார்க்கவும் இல்லை. 2.45க்கு நெட்வொர்க் தன்னைத் தானே பாதுகாத்துக் கொள்ளும் நிலைக்குப் போய், எல்லாப் போன்களையும் துண்டித்தது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் அறிக்கைப்படி பாதிக்கப்பட்டவை 12.5 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள். 911க்கு செய்த 25,000க்கும் மேற்பட்ட அழைப்புகள் போகவில்லை.

மாற்றத்தைச் சுமார் இரண்டு மணி நேரத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனாலும் முழுச் சேவை வர 12 மணி நேரம் ஆனது. துண்டிக்கப்பட்ட போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் 'என்னைச் சேர்த்துக் கொள்' என்று வரிசையில் நின்றதால், பதிவு செய்யும் பகுதி திணறிப் போயிற்று. ஆக, திரும்பி வர வழி இருந்தாலும் அதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தையும் கணக்கில் எடுத்துக் கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

ஒரு ரவுட்டரும் ஒரு கம்ப்யூட்டரும் உள்ள உங்கள் வீடும் ஒரு சிறிய நெட்வொர்க்தான். அதன் மேனேஜர் நீங்கள்! கீழ்க்காண்பவற்றைப் பின்பற்றுங்கள்.

1. நேரம் பாருங்கள்: தேர்வு விண்ணப்பம், டிக்கெட் பதிவு, வரி கட்டும் கடைசி நாள் போன்ற வேளைகளில் எந்த அப்டேட்டும் வேண்டாம். இரண்டு மணி நேரம் இன்டர்நெட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

2. செட்டிங்ஸைச் சேமியுங்கள்: ரவுட்டரின் முகவரி அதன் அடியில் ஒட்டியுள்ள லேபிளில் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. பிரவுசரில் அதைக் கொடுத்து உள்ளே சென்றால் பல ரவுட்டர்களில் பேக்கப் எடுக்கும் வசதி இருக்கும். அந்தப் பைலை பென் டிரைவில் வையுங்கள். இணைப்பின் யூசர் நேம், பாஸ்வேர்ட் இரண்டையும் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்திடுங்கள். மெயிலில் மட்டும் வைக்காதீர்கள்!

3. கேபிள் பயன்படுத்துங்கள்: ரவுட்டரை அப்டேட் செய்யும்போது வைஃபை வேண்டாம். லேன் கேபிளால் கம்ப்யூட்டரை இணைத்துச் செய்வது பாதுகாப்பானது. நடுவில் கரண்ட் போனால் ரவுட்டர் பயனற்றுப் போகலாம். யுபிஎஸ் இருந்தால் அதில் இணைத்திடுங்கள்.

4. யாருடைய ரவுட்டர்? இன்டர்நெட் நிறுவனம் தந்த ரவுட்டர் என்றால் பல நேரங்களில் அவர்களே தொலைவிலிருந்து அப்டேட் செய்வார்கள். இதற்கென டிஆர்-069 என்ற முறை 2004ல் வெளியானது. அத்தகைய ரவுட்டரில் நீங்கள் கை வைக்கும் முன் வாடிக்கையாளர் சேவையைக் கேட்டுக் கொள்ளுங்கள். சொந்தமாக வாங்கியது என்றால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து, சரியான மாடல் எண் பார்த்து டவுன்லோட் செய்திடுங்கள்.

5. விண்டோஸில்: ஸ்டார்ட் பட்டன் அழுத்தி 'கிரியேட் எ ரெஸ்டோர் பாயிண்ட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் சிஸ்டம் ரெஸ்டோர் வசதி கிடைக்கும். அது செயல்பாட்டில் உள்ளதா என்று பார்த்து ஒரு ரெஸ்டோர் பாயிண்ட் உருவாக்குங்கள். விண்டோஸின் பெரிய பதிப்பு மாற்றம் பிடிக்கவில்லை என்றால், வழக்கமாக 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பலாம். முக்கியமான பைல்களுக்கு எப்போதும் தனி பேக்கப் வேண்டும்.

6. இரண்டாவது வழியைச் சோதித்து வையுங்கள்: மொபைல் ஹாட்ஸ்பாட் மூலம் கம்ப்யூட்டரை ஒரு முறையாவது இணைத்துப் பாருங்கள். வீட்டு இன்டர்நெட்டும் எல்லோருடைய சிம்மும் ஒரே நிறுவனம் என்றால், ஒரு சிம்மையாவது வேறு நிறுவனத்தில் வாங்குங்கள்.

7. பச்சையை நம்பி எழாதீர்கள்: அப்டேட் முடிந்ததும் இரண்டு தளங்களைத் திறந்து பாருங்கள், ஒரு பக்கம் பிரின்ட் எடுங்கள், ஆன்டிவைரஸ் கடைசியாக எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். சத்தமே இல்லாவிட்டால் எல்லாம் நலம் என்று அர்த்தம் இல்லை. அந்த டீக்கடை பாடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்த மகளின் விருப்பப் பட்டியல்?

அந்த வீட்டில் வேறு நிறுவனத்தின் சிம் இருந்தது அவளுடைய அம்மாவின் போனில் மட்டும்தான். வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு. லேப்டாப்பைத் தூக்கிக் கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினோம். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, ஹாட்ஸ்பாட் எப்படிப் போடுவது என்று போனில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மணி நாலரை தாண்டிவிட்டது. அவள் கை நடுங்க ஒவ்வொரு கல்லூரியாகத் தேர்வு செய்தாள். பதிவான செய்தி திரையில் வந்தபோது மணி 4.52.

நண்பர் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. காபி கொடுத்தார். எனக்குத்தான் அது தொண்டையில் இறங்கவில்லை. மெயிலைத் திறந்து யூசர் நேமைக் கண்டுபிடித்து ரவுட்டரைச் சரி செய்தேன். இரண்டையும் ஒரு தாளில் எழுதி, இணைப்பு ரசீதோடு சேர்த்து அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

உங்கள் வீட்டு ரவுட்டரின் யூசர் நேமும் பாஸ்வேர்டும் எங்கே இருக்கின்றன? இந்தப் பக்கத்தை மூடும் முன் எழுந்து போய்ப் பாருங்கள்.